முதல் சந்திப்பைச் சேலத்தில் எழுதுவது: துளியும் பழக்கமில்லாத ஓர் உயிரைக் கதைக்குள் கொண்டுவர முழுமையான வழிகாட்டி

ஏலியன் கதைகள் பலவற்றில் வானத்திலிருந்து வருகிறவர்களுக்கு இரண்டு கண் இருக்கிறது, ஒரு தலைவன் இருக்கிறான், நம் பூமியின் மேல் பேராசை இருக்கிறது. மூன்றாம் அத்தியாயத்தில் ஏதோ ஒரு கருவி அவர்கள் பேச்சை நம் மொழிக்கு மாற்றிவிடுகிறது. அதன் பிறகு நடப்பது இரண்டு நாடுகளுக்கு நடுவே நடக்கும் சண்டை அல்லது சமாதானம். விறுவிறுப்பாகப் போகும். ஆனால் வந்தவர்கள் நம் பக்கத்து ஊர்க்காரர்கள்தான், தோல் நிறம் மட்டும் பச்சை.

நம்மோடு எதையும் பகிர்ந்துகொள்ளாத ஓர் உயிரை எழுத விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நம் பசி அதற்கு இல்லை, நம் பகலிரவு இல்லை, ‘நான்’ என்கிற எண்ணம்கூட இருக்கிறதா என்று தெரியாது. அப்படிப்பட்ட ஒன்றை மனிதர்கள் முதல்முறை எதிர்கொள்ளும் கதையை எப்படிக் கட்டுவது? பொதுவாகப் பேசினால் எதுவும் பிடிபடாது. அதனால் ஒரே ஒரு கதையை எடுத்து, முதலிலிருந்து கடைசிவரை சேர்ந்தே கட்டுவோம். கதை நடக்கும் இடம் சேலம்.

படி 1: பசியிலிருந்து தொடங்குங்கள்

உருவத்தை இப்போது யோசிக்காதீர்கள். எத்தனை கால், என்ன நிறம் என்று ஆரம்பித்தால் நாம் பார்த்த விலங்குகளைக் கலந்துகட்டி ஒன்று வரும், அவ்வளவுதான். முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: அது எதை உண்டு உயிர்வாழ்கிறது?

சேலத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமே இந்தக் கேள்விதான். நகரத்தை ஒட்டி, சேர்வராயன் மலை அடிவாரத்துக்குப் போகிற வழியில், மேக்னசைட் எனும் வெள்ளைக்கல் வெட்டி எடுக்கும் சுரங்கங்கள் இருக்கின்றன. கருப்பூர்ப் பக்கம் போனவர்கள் அந்த வெள்ளைக் குவியல்களைப் பார்த்திருப்பீர்கள். உலைகளின் உட்சுவருக்கான, பெரும் வெப்பம் தாங்கும் செங்கல் செய்ய இந்தக் கல் போகிறது. வெள்ளைக்கல் அங்கே தனியாகக் கிடப்பதில்லை. டூனைட் என்ற கனமான பாறைக்குள் நரம்பு நரம்பாக ஓடுகிறது.

டூனைட் பாறையில் பெரும்பகுதி ஆலிவின் என்ற கனிமம். பூமியின் ஆழத்துக்குச் சொந்தமான பொருள் அது. மேலே வந்து தண்ணீர் பட்டால் அப்படியே இருக்காது. தண்ணீரோடு வினைபுரிந்து செர்பென்டைன் என்ற வேறொரு கனிமமாக மாறும், அந்த வினையில் ஹைட்ரஜன் வாயு வெளிவரும். கரியமில வாயு கலந்த நீர் அதே பாறையில் இறங்கினால் மேக்னசைட் உருவாகும். சேலத்து வெள்ளைக்கல் நரம்புகள், கல்லும் தண்ணீரும் காற்றும் நெடுங்காலம் நடத்திய வேதியியலின் தழும்புகள்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். அந்த ஹைட்ரஜனைத் தின்று வாழும் நுண்ணுயிர்கள் நம் பூமியிலேயே இருக்கின்றன. 2000-ஆம் ஆண்டில் அட்லாண்டிக் கடலடியில் ‘லாஸ்ட் சிட்டி’ என்ற வெந்நீர் ஊற்றுப் பகுதியைக் கண்டுபிடித்தார்கள். சூரியன் எட்டாத அந்த இடத்தில், இதே வகைப் பாறையும் கடல்நீரும் சேர்ந்து உண்டாக்கும் வாயுக்களை நம்பி ஓர் உயிர்க்கூட்டம் வாழ்கிறது. தென்னாப்பிரிக்காவின் தங்கச் சுரங்கத்தில் 2.8 கிலோமீட்டர் ஆழத்தில், கிட்டத்தட்ட ஒரே ஒரு பாக்டீரியா இனம் மட்டும் ஹைட்ரஜனையும் சல்பேட்டையும் வைத்துக்கொண்டு தனியாக வாழ்கிறது.

ஆக, நம் கதையின் உயிர் கல்லும் தண்ணீரும் சேரும்போது கிடைப்பதை உண்ணும். இந்த ஒரு முடிவை எடுத்ததும் எத்தனை விஷயம் தானாக உதிர்ந்துபோகிறது பாருங்கள். அது வேட்டையாடாது, அதனால் கண்ணும் பல்லும் வேண்டாம். யாரிடமிருந்தும் தப்பி ஓட வேண்டியதில்லை, அதனால் காலும் பயமும் வேண்டாம். மனிதனை அடிமையாக்குவதால் அதற்கு ஒரு பிடிச் சோறுகூடக் கிடைக்காது, அதனால் படையெடுப்பும் வேண்டாம். நாம் எதையும் வலிந்து ‘வித்தியாசமாக’ ஆக்கவில்லை. பசி மாறியது, மற்றதெல்லாம் கூடவே மாறிவிட்டது.

படி 2: அதற்கு என்ன தெரியும், என்ன தெரியாது

ஏற்காட்டுக் காட்டில் மாடு மேய்ப்பவர்களுக்கு உண்ணியைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜெர்மானிய உயிரியலாளர் யாகோப் ஃபான் யூக்ஸ்குல் அந்த உண்ணியை வைத்துத்தான் ஒரு பெரிய உண்மையை விளக்கினார். உண்ணியின் உலகத்தில் மரமும் மேகமும் கிடையாது. பாலூட்டிகளின் தோலிலிருந்து வரும் பியூட்டிரிக் அமிலத்தின் வாசனை, உடம்புச் சூடு, முடியின் தொடுகை, இவ்வளவுதான் அதன் உலகம். ஒவ்வோர் உயிரும் தன் புலன்கள் அளந்து கொடுத்த உலகத்துக்குள்தான் வாழ்கிறது.

நம் உயிருக்கும் அப்படி ஓர் உலகத்தை அளந்து கொடுங்கள். பாறைக்குள் இருப்பதற்கு எட்டக்கூடியவை மூன்று: அதிர்வு, வெப்ப வேறுபாடு, நீரில் கரைந்திருக்கும் பொருள்களின் ருசி. வெளிச்சம் எட்டாது. காற்றில் பேசும் பேச்சு எட்டாது. ஆனால் பாறைக்குள் ஒலி, காற்றில் போவதைவிடப் பத்து மடங்குக்கும் மேல் வேகமாகப் பாயும். அப்படியென்றால் மனித இனத்தைப் பற்றி அதற்குக் கிடைத்த முதல் தகவல் எது? சுரங்கத்தில் வைக்கும் வெடி. நம் கதையின் மூலவிதை அந்த வெடிதான், இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு பயிற்சி செய்து பாருங்கள். சேலத்தை அதன் பக்கமிருந்து ஒரு பக்கம் எழுதுங்கள். பார்ப்பது, கேட்பது தொடர்பான ஒரு சொல்லும் வரக் கூடாது. புதிய பேருந்து நிலையம் அதற்கு இல்லை, ஆனால் ஜங்ஷனில் நிற்கும் சரக்கு ரயிலின் எடை இருக்கிறது. ஏற்காட்டு ஏரி மேலே எங்கோ அழுத்தும் ஒரு பாரம். பருவமழைதான் ஆண்டின் மிகப் பெரிய நிகழ்ச்சி, ஏனென்றால் மேலிருந்து புது ருசி இறங்கி வருகிறது. இந்தப் பக்கம் கதையில் இடம்பெற வேண்டாம், எழுதி எடுத்து வைத்துவிடுங்கள். அதை எழுதியவரின் கையிலிருந்து வரும் மற்ற பக்கங்கள் வேறு மாதிரி இருக்கும்.

படி 3: காலத்தைத் தீர்மானியுங்கள்

பலர் மறந்துவிடும் படி இது. புலனை மாற்றுவார்கள், உடம்பை மாற்றுவார்கள், ஆனால் அந்த உயிர் நம் வேகத்திலேயே யோசித்து நம் வேகத்திலேயே பதில் சொல்லும். சேர்வராயன் மலையிலும் பூக்கும் நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறைதான் பூக்கிறது. ஆழ்நிலத்து நுண்ணுயிர்கள் சில, ஒருமுறை இரண்டாகப் பிரிய நூற்றாண்டுகள் எடுத்துக்கொள்ளலாம் என்று கணக்கிடுகிறார்கள். கல்லைத் தின்று வாழும் ஒன்று அவசரப்படாது.

ஆனால் பதிலுக்கு நூறு ஆண்டு காத்திருக்கும் கதையை யார் வாசிப்பார்கள்? இதற்கு விடை உயிரியலிலேயே இருக்கிறது. ஆக்டோபஸுக்குச் சுமார் 50 கோடி நரம்பணுக்கள், அவற்றில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கைகளில்தான் இருக்கின்றன. கை தன் போக்கில் சில முடிவுகளை எடுக்கும். மூளையே இல்லாத மஞ்சள் சளிப்பூஞ்சை ஒன்றை ஜப்பானிய ஆய்வாளர்கள் புதிர்ப்பாதைக்குள் விட்டபோது, உணவுக்கான குறுக்குவழியில் அது தன்னை நீட்டிக்கொண்டது. அது 2000-ஆம் ஆண்டில். பத்து ஆண்டு கழித்து, டோக்கியோவைச் சுற்றியுள்ள ஊர்களின் இடத்தில் ஓட்ஸ் துணுக்குகளை வைத்தார்கள். அது அந்தப் பகுதி ரயில் பாதையை ஒத்த வலைப்பின்னலைப் போட்டது.

நாம் இப்படி வைத்துக்கொள்வோம்: நம் உயிரின் ஓரப்பகுதிகள் நிமிடங்களில் எதிர்வினை காட்டும். முழு உயிரும் ஒன்றை ‘உணர்ந்துகொள்ள’ ஒரு பருவமழைக் காலம் ஆகும். கதைக்கு இது பெரிய கொடை. மனிதர்கள் ஓரத்தோடு பேசிக்கொண்டிருப்பார்கள், முழுமைக்கு அது தெரியவே தெரியாது. தெரியவரும்போது என்ன நடக்கும் என்று நமக்கும் தெரியாது.

படி 4: உடம்பைக் காட்டாதீர்கள், தடத்தைக் காட்டுங்கள்

‘ஜெல்லி போல’, ‘சிலந்தி போல’ என்று ஒருமுறை எழுதிவிட்டால் வாசகர் மனதில் ஜெல்லியும் சிலந்தியும் உட்கார்ந்துவிடும், பிறகு கிளப்ப முடியாது. ‘போல’ என்ற சொல்லையே அந்த உயிர் வரும் பத்திகளில் தடைசெய்யுங்கள். சுரங்கச் சுவரில் வெள்ளை நரம்புகள் ஓடும் திசையைத் தினமும் பார்த்துப் பழகிய ஒருவர், இன்று ஒரு கிளை வேறு பக்கம் திரும்பியிருப்பதைக் கவனிக்கிறார். இவ்வளவு போதும். நரம்புதான் அதுவா, நரம்பு அதன் கழிவா, நரம்புக்குள் அது ஓடுகிறதா என்று சொல்லாதீர்கள். எது உயிர், எது அதன் வீடு என்று பிரிக்க முடியாமல் ஆய்வாளர்கள் திணறட்டும்.

படி 5: எப்படி வந்தது

சுருக்கமாக முடித்துவிடுங்கள். சூரியனுக்கு அடுத்து நமக்கு மிக அருகிலுள்ள விண்மீன் 4.24 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. நாசாவின் வாயேஜர் 1 விண்கலம் போகும் வேகத்தில் போனால் 70,000 ஆண்டுக்கு மேல் ஆகும். நம்மைப் போன்றவர்களுக்கு அது முடியாத பயணம், ஆனால் படி 3-இல் நாம் உருவாக்கிய உயிருக்கு அது ஒரு நீண்ட தூக்கம். வேறு விண்மீன்களிலிருந்து நம் சூரியக் குடும்பத்துக்குள் பொருள்கள் வந்துபோவதும் உறுதியான விஷயம்: 2017-இல் ஓமுவாமுவா, 2019-இல் போரிசோவ், 2025-இல் 3ஐ அட்லஸ். ஒரு கல்லுக்குள் உறங்கியபடி எப்போதோ விழுந்தது என்று வைத்துக்கொண்டால் விண்கலம் வேண்டாம், தரையிறங்கும் காட்சியும் வேண்டாம். அதற்கு ‘வர வேண்டும்’ என்ற எண்ணமே இருந்திருக்காது. உலகத்தில் எத்தனையோ இடம் இருக்க இங்கே ஏன் என்று வாசகர் கேட்டால் பதில் தயாராக இருக்கிறது. வேறு இடங்களில் விழுந்தவை பட்டினியில் அடங்கிப்போயின, இங்கே விழுந்தது டூனைட்டைக் கண்டது.

படி 6: முதலில் கவனிப்பது யார்

விஞ்ஞானி முதலில் கண்டுபிடிக்கிறார் என்று எழுதுவது வழக்கம். நான் அதை ஏற்கமாட்டேன். ஒரு பொருளைத் தினமும் தொட்டு வேலை செய்கிறவருக்குத்தான் அதில் வரும் மாற்றம் முதலில் தெரியும். சேலத்தில் அந்தப் பொருள் தண்ணீர்.

செர்பென்டைன் உருவாகும் பாறைகளிலிருந்து ஊறும் நீர் கடும் காரத்தன்மை கொண்டது. காரத்தை அளக்கும் பிஎச் எண் 11-ஐத் தாண்டுவதும் உண்டு. தொட்டால் வழுக்கும். காற்று பட்டதும் வெள்ளையாக ஏடு படியும். குமிழி விடும். அந்தக் குமிழி தீப்பிடிக்கும். துருக்கியில் ஒரு மலைச்சரிவில் இப்படிப்பட்ட பாறையிலிருந்து கசியும் வாயு காலங்காலமாக அணையாமல் எரிந்துகொண்டிருக்கிறது.

மரவள்ளிக்கிழங்கை அரைத்து மாவுப்பால் எடுத்து, தொட்டியில் படியவிட்டு ஜவ்வரிசி செய்யும் ஆலைகள் சேலத்தைச் சுற்றி எத்தனை இருக்கின்றன! தண்ணீர் கெட்டால் அங்கே எல்லாம் கெடும். ஆகவே நம் கதையின் முதல் வரி ஓர் ஆலைத் தொட்டியோரத்தில் தொடங்கலாம்:

“ஏனுங்க்கா, தண்ணி என்னமோ வழுக்குதுங்க.”

“சோப்புப் போட்டுக் கழுவாம உட்டாப்புல இருக்குதாட்டம். போரு மாத்தி உட்டாங்களா?”

“அதே போருதானுங்க. நேத்துல இருந்து நுரைச்சுட்டே வருது.”

இந்த மூன்று வரியில் ஏலியன் வந்துவிட்டது, யாருக்கும் தெரியவில்லை. இதைவிட நல்ல தொடக்கம் விண்கலத்தால் கிடைக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

படி 7: தவறான ஊகங்களை வரிசையாக அடுக்குங்கள்

கதையின் உயிர் இந்தப் படியில்தான் இருக்கிறது, இதற்கு அதிக நேரம் கொடுங்கள். உண்மையிலேயே அந்நியமான ஒன்றைப் பற்றிய கதையில் அந்த உயிர் வளராது, மாறாது, வசனம் பேசாது. மனிதர்களின் ஊகம்தான் மாறும். ஓர் ஊகம் உடைந்து அடுத்தது பிறக்கும் ஒவ்வொரு இடமும் ஒரு திருப்பம். இதற்கு ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: ஒவ்வோர் ஊகமும் நடந்ததில் பெரும்பகுதியைச் சரியாக விளக்க வேண்டும், ஆனால் ஒரே ஒரு விஷயம் அதற்குள் அடங்காமல் வெளியே நிற்க வேண்டும். முட்டாள்தனமான ஊகத்தை யாரும் வைத்திருக்கக் கூடாது. எல்லோரும் புத்திசாலிகள், எல்லோரும் தோற்கிறார்கள்.

நம் கதைக்கு வரிசை இது.

முதல் ஊகம், எந்த ஊரிலும் முதலில் வருவது: ஏதோ ஆலை கழிவுநீரைத் திறந்துவிட்டுவிட்டது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலிருந்து வந்து மாதிரி எடுக்கிறார்கள். காரம் அதிகம் என்று முடிவு வருகிறது. ஆனால் சாயமோ ஆலை ரசாயனமோ எதுவும் இல்லை. இது வெளியே நிற்கும் விஷயம்.

அடுத்து ஒரு புவியியல் மாணவி வருகிறாள். பெரியார் பல்கலைக்கழகம் இந்தச் சுரங்கங்களுக்குப் பக்கத்திலேயே இருப்பது கதைக்கு வசதி. சந்திரயான்-2 சோதனைக்காகச் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியின் அனார்த்தோசைட் என்ற பாறையிலிருந்து நிலா மண்ணைப் போன்ற மண் தயாரித்தபோது உதவிய புவியியல் துறை அது. வானத்தையும் இந்த வட்டாரத்துக் கல்லையும் இணைத்துப் பார்க்கும் பழக்கம் அங்கே புதிதல்ல. மாணவி சொல்கிறாள்: பாறையில் புது விரிசல் விட்டிருக்கிறது, தண்ணீர் இறங்கி ஆலிவினோடு வினைபுரிகிறது, எல்லாம் இயற்கை. காரம், குமிழி, வெள்ளை ஏடு எல்லாவற்றுக்கும் விளக்கம் கிடைத்துவிட்டது. நமக்கே நிம்மதியாக இருக்கிறது. ஆனால் குமிழி வரும் நேரத்தைக் குறித்து வைத்தவள், அது தினமும் ஒரே நேரத்தில் நின்று, சற்று நேரம் கழித்து மறுபடி தொடங்குவதைப் பார்க்கிறாள்.

சுரங்கத்தில் வெடி வைத்துப் பழகிய பெரியவர் அந்த நேரத்தைப் பார்த்ததும் சிரிக்கிறார். சங்கு ஊதி வெடி வைக்கிற நேரம்தானே அது! அதிர்வில் குமிழி அடங்குகிறது, அவ்வளவுதான். மூன்றாவது ஊகம், இதுவும் நியாயமானது. மாணவி கேட்கிறாள், “ஞாயித்துக்கிழமை வெடி உண்டுங்களா தாத்தா?” “ஞாயித்துக்கிழமை லீவு கண்ணு.” அவள் குறிப்பேட்டைத் திருப்பிக் காட்டுகிறாள். ஞாயிற்றுக்கிழமையும் குமிழி நின்றிருக்கிறது, அதே நேரத்தில்.

இந்த இடத்தில் அத்தியாயத்தை நிறுத்துங்கள். பாறைக்குள் ஏதோ ஒன்று வெடியை எதிர்பார்த்துக் காத்திருக்கிறது. கதையில் யாரும் ‘ஏலியன்’ என்று சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

நான்காவது: அது நமக்கு வணக்கம் சொல்கிறது. தொலைக்காட்சிகள் இதைத்தான் பிடித்துக்கொள்ளும். ஐந்தாவது: இல்லை, அது வலியில் சுருங்குகிறது, நாம் அதைத் துன்புறுத்திக்கொண்டிருக்கிறோம். இந்த எண்ணம் மனிதாபிமானமுள்ளது, அதனாலேயே ஆபத்தானது. எல்லோரும் மனம் கசிந்து வெடியை நிறுத்துகிறார்கள். சில நாளில் கிணறுகளில் குமிழி குறைகிறது, சுவரில் வெள்ளை நரம்புகளின் நுனிகள் உதிரத் தொடங்குகின்றன. அப்போது மாணவிக்குப் புரிகிறது: வெடித்தால் பாறை உடையும், உடைந்தால் புது ஆலிவின் தண்ணீரில் படும், அதுதான் உணவு. நாம் வன்முறை என்று நினைத்தது அதற்கு விருந்து. குமிழி நிற்பது, ஹைட்ரஜனை வெளியே விடாமல் பிடித்து வைத்துத் தயாராவது.

இந்த ஆறாவது ஊகத்தோடு கதையை முடித்துவிட ஆசை வரும், ஏனென்றால் அது அழகாகப் பொருந்துகிறது. முடிக்காதீர்கள். இதற்கும் ஒன்றை வெளியே நிறுத்துங்கள். மறுபடி வெடி வைக்கத் தொடங்கியதும் குமிழி பழையபடி வருகிறது. ஆனால் இப்போது அது நிற்கும் நேரம், வெடி நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது. மறுநாள் இன்னும் கொஞ்சம் முன்னால். உணவுக்காகக் காத்திருக்கும் ஒன்று ஏன் இப்படி விலகிப் போகிறது? அது வேறு எதற்கோ தயாராகிறதா? விடையை நீங்கள் தெரிந்து வைத்திருக்கலாம், பாத்திரங்களுக்குச் சொல்ல வேண்டாம்.

படி 8: பேச்சு, அதன் எல்லை

மொழிபெயர்ப்புக் கருவியைக் கதைக்குள் விடாதீர்கள். சிந்துவெளி முத்திரைகளை எழுதியவர்கள் நம்மைப் போலவே மாடு வளர்த்து, பானை வனைந்து, வியாபாரம் செய்த மனிதர்கள். அந்த எழுத்தைப் படித்துக் காட்டுபவருக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் 10 லட்சம் டாலர் பரிசே அறிவித்தது. ஒரே உடம்பும் ஒரே பசியும் உள்ள மனிதர்கள் எழுதியதே இன்னும் பிடிபடவில்லை. கல்லைத் தின்னும் ஒன்றின் ‘பேச்சு’ மூன்று நாளில் புரிந்துவிட்டது என்று எழுதினால் வாசகர் நம்பமாட்டார், நம்பவும் கூடாது.

நாம் வானத்துக்கு அனுப்பிய செய்திகளை எடுத்துப் பாருங்கள். 1974-இல் அரெசிபோ வானொலித் தொலைநோக்கியிலிருந்து 1,679 துணுக்குகளாக ஒரு செய்தி போனது. 23-ஐ 73-ஆல் பெருக்கினால் வரும் எண் அது, இரண்டும் பகா எண்கள். பெறுகிறவர் அதை வரிசை வரிசையாகச் செவ்வகமாக அடுக்கிப் படமாகப் பார்ப்பார் என்ற நம்பிக்கை அதில் இருக்கிறது. பார்ப்பார்! கண் இல்லாததற்குப் படம் எதற்கு? 1977-இல் வாயேஜரில் போன, தங்க முலாம் பூசிய ஒலித்தட்டில் 55 மொழிகளில் வாழ்த்து இருக்கிறது. தெலுங்கும் கன்னடமும் உண்டு, தமிழ் இல்லை. நமக்கு அது வருத்தம்தான், ஆனால் கேட்கும் காது எதிர்ப்பக்கம் இருந்தால்தானே இந்த வருத்தத்துக்கே இடம். ஒவ்வொரு செய்தியும் பெறுகிறவரைப் பற்றிய நம் கற்பனையைச் சுமந்து போகிறது. கதையில் மனிதர்கள் அனுப்பும் செய்தியிலும் இது தெரிய வேண்டும்.

நம் கதையில் பேசக் கிடைக்கும் ஒரே ஊடகம் அதிர்வு. பெரியவர் யோசனை சொல்கிறார்: துளை போடும் இயந்திரத்தை வைத்து இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு என்று தட்டிப் பார்க்கலாம். அது திருப்பி ஏதும் தட்டாது. ஆனால் தட்டிய துளையைச் சுற்றி வெள்ளை நரம்பு வளைந்து ஒதுங்குகிறது, ஒவ்வொரு துளைக்கும் வேறு வேறு தூரம். தூரங்களுக்கும் எண்களுக்கும் தொடர்பு உண்டா? இருக்கிறது என்று ஒரு நாள் தோன்றட்டும், இல்லை என்று மறுநாள் தோன்றட்டும். 1967-இல் ஜோஸ்லின் பெல் 1.33 நொடிக்கு ஒருமுறை வரும் வானொலித் துடிப்பைக் கண்டபோது, விளையாட்டாக ‘குட்டிப் பச்சை மனிதர்கள்’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். கடைசியில் அது சுழலும் நியூட்ரான் விண்மீன். ஒழுங்கு இருப்பதாலேயே அறிவு இருக்கிறது என்றாகாது. அறிவு இருந்தாலும் அது நம் ஒழுங்கைப் பிடித்துக்கொள்ளும் என்பதற்கு உத்தரவாதமில்லை. இரண்டு கதவையும் திறந்தே வையுங்கள்.

படி 9: ஊர் என்ன செய்யும்

வேற்றுலகிலிருந்து வானொலிச் சைகை கிடைத்தால் என்ன செய்வது என்று 1989-இல் சர்வதேச விண்வெளி அறிவியல் கழகம் ஒரு கோட்பாட்டுப் பட்டியல் வகுத்தது. முதலில் உறுதி செய்ய வேண்டும், பிறகு உலகுக்கு அறிவிக்க வேண்டும், சர்வதேச ஆலோசனை இல்லாமல் பதில் அனுப்பக் கூடாது. சட்டமாக யாரையும் கட்டுப்படுத்தாது. சேலத்துக் கிணற்றில் குமிழி வந்தால் அந்தக் காகிதத்தை யாரும் தேடப் போவதில்லை. முதலில் கிராம நிர்வாக அலுவலர் வருவார். பிறகு தாசில்தார், பிறகு கலெக்டர். வாயு என்றதும் தீயணைப்பு வண்டி, அரக்கோணத்திலிருந்து தேசியப் பேரிடர் மீட்புப் படை, கதிரியக்கச் சந்தேகம் வந்தால் கல்பாக்கத்திலிருந்து ஆட்கள். சுரங்கத்தை மூடினால் கூலி போகும் குடும்பங்களின் மறியல். இந்த வரிசையைத் துல்லியமாக எழுதினால், நம்ப முடியாத மையமும் நம்பும்படி ஆகிவிடும்.

அதிகாரிகளை வில்லன் ஆக்காதீர்கள். மூன்று மணி நேரத் தூக்கத்தோடு, தன் கையேட்டில் இல்லாத ஒன்றுக்குக் கையெழுத்துப் போட வேண்டிய மனிதர் அவர். அவருக்கும் ஓர் ஊகம் இருக்கட்டும்.

சாமியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சேர்வராயன் மலை உச்சியில் குகைக்கோயில் இருக்கிறது, மே மாதத்தில் திருவிழா நடக்கும். மலையாளிப் பழங்குடி மக்களின் தெய்வம் அது. அந்தத் தெய்வமே ஏலியன்தான் என்று திருப்பம் வைக்கும் யோசனை வந்தால் விட்டுவிடுங்கள். உயிரோடு இருக்கும் நம்பிக்கை ஒன்றை மர்மத்துக்கு விடையாக்கிச் சுருக்குவது, அந்த மக்களையும் மதிக்காது, நாம் பாடுபட்டு உண்டாக்கிய அந்நியத்தையும் கெடுக்கும். ஆனால் மக்கள் கும்பிடுவார்கள், அதை எழுதுங்கள். கிணற்று மேட்டில் மஞ்சள் குங்குமம் வைத்து ஓர் அம்மா கற்பூரம் ஏற்றுகிறார், சுடர் சட்டென்று ஆள் உயரத்துக்கு எழும்புகிறது. ஆய்வகத்தின் அறிக்கை வருவதற்கு முன்பே, அந்த வாயு எரியும் என்று அந்த அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் அவர் விளக்கைத் தள்ளி வைத்துக் கும்பிடுகிறார். அவருடையதும் ஒரு சோதனைதான், அதில் கிடைத்ததும் அறிவுதான்.

படி 10: எங்கே நிறுத்துவது

அந்த உயிர் இறந்துபோவது, கிளம்பிப்போவது, கடைசியில் வாய் திறந்து எல்லாவற்றையும் விளக்குவது, மூன்றும் வேண்டாம். மூன்றுமே எழுத்தாளரைக் காப்பாற்றும் முடிவுகள். மனிதர்கள் ஒரு முடிவு எடுக்க வேண்டிய இடத்துக்குக் கதையைக் கொண்டுவந்து, எடுக்க வைத்து, விளைவு தெரிவதற்கு முன்னால் நிறுத்துங்கள். நம் கதையில் முடிவு இது: வெடியைத் தொடர்வதா, நிறுத்துவதா? தொடர்ந்தால் அது வளரும், வளர்ந்தால் நகரத்தின் குடிநீர் காரமாகும். நிறுத்தினால் அது தேயும், கூடவே நாம் சந்தித்த ஒரே அந்நிய உயிரும் போகும். பருவமழை நெருங்குகிறது, முழு உயிரும் நம்மை ‘உணரும்’ காலம் அது. மாணவியும் பெரியவரும் எதிரெதிர்ப் பக்கம் நிற்கட்டும். வாக்குவாதத்தில் இருவரும் வெல்லும்படி எழுதிவிட்டால், அதைவிட வேறு உச்சக்காட்சி தேவைப்படாது.

படி 11: திருத்தம்

கைப்பிரதி முடிந்ததும், அந்த உயிரை எழுவாயாக வைத்த வாக்கியங்களை எல்லாம் அடிக்கோடிடுங்கள். ‘அது நினைத்தது’, ‘அது விரும்பியது’, ‘அது பயந்தது’ என்று வரும் இடங்களில், அப்படி நினைப்பது யார் என்று கேளுங்கள். பாத்திரம் நினைக்கிறது என்றால் இருக்கட்டும். நீங்கள் சொல்வது என்றால் அடித்துவிடுங்கள்.

அறிவியல் சொற்களைப் பொறுத்தவரை, பேசுகிறவரின் வாயில் எது வருமோ அதை வையுங்கள். மாணவி செர்பென்டைன் என்பாள், பெரியவர் பாம்புத்தோல் நிறக் கல்லு என்று காட்டுவார், ஆலைக்கார அக்காவுக்கு அது வழுக்குற தண்ணி. ஒரே பொருளுக்கு மூன்று பேர் மூன்று விதமாகப் பேசுவதில் விளக்கமும் நடந்துவிடும், தனியாகப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தமிழில் அறிவியல் கதை வாசிக்கும்போது என்னைச் சோர்வடைய வைப்பது, எல்லாப் பாத்திரமும் பாடநூலின் குரலில் பேசுவதுதான்.

கடைசியாக, அச்சுக்கு அனுப்பும் முன் இரண்டு பேரிடம் படித்துக் காட்டுங்கள். ஒருவர் கல்லுடைப்பிலோ சுரங்கத்திலோ வேலை செய்தவராக இருக்கட்டும். துளை எப்படிப் போடுவார்கள், சங்கு எத்தனைமுறை ஊதும், வெடித்த பிறகு எவ்வளவு நேரம் யாரும் உள்ளே போகமாட்டார்கள் என்று அவர் திருத்துவார். இன்னொருவர் அறிவியல் கதையே வாசிக்காதவராக இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமைக் காட்சி வந்ததும் அவர் முகத்தைப் பாருங்கள். நிமிர்ந்து உட்காரவில்லை என்றால் குறை முந்தைய மூன்று ஊகங்களில் இருக்கிறது. அவற்றில் ஏதோ ஒன்று போதுமான அளவு நம்பும்படி இல்லை. படி 7-க்குத் திரும்பிப் போய் அதை மறுபடி எழுதுங்கள்.